இருநூறு கிராம் குறைவான துடுப்பு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. சொன்னவன் நான். மினகாமியில், தோனே ஆற்றங்கரையில், கயாக் என்கிற ஒற்றையாள் படகும் துடுப்பும் விற்கிற கடை என்னுடையது. முதல் வரியாக ‘மலையில் பனி உருகத் தொடங்கியிருந்தது’ என்று எழுதியிருந்தேன். அழகான வரி. அடித்துவிட்டேன். அந்தத் தண்ணீரில்தான் ஒரு மனிதர் செத்தார்.

2

குசுமி தகுரோ, தபால் ஊழியர், ஐம்பத்திரண்டு வயது. மார்ச்சில் மனைவி ஷியோரியோடு துடுப்பு வாங்க வந்தார். (அவரை அசட்டுத் துணிச்சல்காரராக எழுதிப் பார்த்தேன், பழியில் பாதி அவர்மேல் போகட்டும் என்று. அவர் அப்படியில்லை. ஒவ்வொரு துடுப்பையும் காற்றில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, கைரேகையைத் துடைத்துத் திரும்ப மாட்டியவர்.)

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று ஃபைபர் கிளாஸ்: கனம், பாறையில் பட்டால் தேயும், லேசில் உடையாது. மற்றது கார்பன்: இருநூறு கிராம் குறைவு, இழுத்த இழுப்புக்குப் படகு பாயும், ஆனால் இடுக்கில் மாட்டினால் முறியலாம்.

“இதையே எடுத்துக்கறேனே,” என்று கனமானதைத் தூக்கினார்.

“குசுமி சான், அது துடுப்பா, கடப்பாரையா? மத்தியானத்துக்குள்ள தோளு கழண்டுடும்.”

“தபால் மூட்ட தூக்கின தோளுங்க இது.”

“தோளு போனா போகுது,” என்றார் ஷியோரி. “எது உடையாது? அதச் சொல்லுங்க.”

நான் சிரித்தேன். கார்பனைக் குசுமியின் கையில் திணித்தேன். “இத ஒருதரம் தண்ணியில போட்டுட்டு வந்து பேசுங்க.”

[இங்கே இருந்த பத்தி நீக்கப்பட்டது. கார்பனைத் திணித்ததற்கு விலை காரணமில்லை. நான் ஓட்டுவது கார்பன். எனக்குப் பிடித்ததே அவருக்கும் பிடிக்க வேண்டும் என்கிற கர்வம், அவ்வளவுதான்.]

3

ஏப்ரல் பத்தொன்பது, முற்பகல். குசுமி நண்பர்கள் இருவரோடு ஆற்றில் இறங்கினார். ஆறு சீறிப் பாயும் மூன்றாவது இடத்தில் கார்பன் துடுப்பின் அலகு இரண்டு பாறைகளுக்கு நடுவே மாட்டி, தண்டு முறிந்தது. படகு கவிழ்ந்தது. கவிழ்ந்த கயாக்கை நிமிர்த்தத் துடுப்புதான் பிடிமானம். அவர் கையில் பாதிதான் இருந்தது. படகைவிட்டு நீந்தி வெளியே வந்தார். வந்தவரைத் தண்ணீர் பாறைக்கு அடியில்

இந்த வாக்கியத்தை முடிக்கமாட்டேன். நாற்பது நிமிடம் கழித்து நண்பர்கள்தாம் அவரைக் கண்டெடுத்தார்கள்.

4

நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் ஷியோரி வந்தார். துணியில் சுற்றிய பாதித் துடுப்பை மேசைமேல் வைத்தார்.

“ஒரே ஒரு கேள்விங்க. அன்னிக்கு அவரு தூக்கினாரே, அந்தக் கனமானது. அது கையில இருந்திருந்தா உயிரோட வந்திருப்பாரா?”

‘தெரியாது’ என்பது உண்மை. ‘வந்திருக்கலாம்’ என்பது இன்னும் பெரிய உண்மை.

“இல்லைங்க. அந்தப் பாறையில எதுவா இருந்தாலும் உடைஞ்சிருக்கும்.”

அவர் தோள்கள் தளர்ந்தன. “நான் இன்னுங்கொஞ்சம் அடம்புடிச்சிருக்கணும்னு நெனச்சு நெனச்சே தூங்கலீங்க,” என்று அழுதார். பிறகு எழுந்து, இடுப்பு வளையக் குனிந்து எனக்கு நன்றி சொன்னார்.

(அடிக்குறிப்பு: கதை இங்கே நின்றிருந்தால் நான் கருணையுள்ளவன்.)

5

வாசலுக்குப் போய், காரில் இருந்த மகளை அழைத்தார். மிஸுஹோ, இருபத்துநாலு வயது.

“அப்பா போன எடத்துல நானும் ஒருதரம் எறங்கியே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. நாலு வருஷமா ஓட்டறவதான். துடுப்பு மேல தப்பில்லன்னு நீங்களே சொல்லிட்டீங்க. அவருக்குக் குடுத்ததையே இவளுக்கும் குடுங்க.”

கனமானதைக் காட்டினால் பொய் உடையும். அந்தத் தாய் இனி எந்நாளும் தூங்கமாட்டார். கார்பனைக் கொடுத்தால்...

முதல் முடிவு: ‘கார்பன் தீர்ந்துபோச்சு’ என்கிறேன். அடித்துவிட்டேன், அவர் கண்ணெதிரே சுவரில் தொங்குகிறது. இரண்டாவது: உண்மையைச் சொல்கிறேன், ஷியோரி மன்னிக்கிறார். எனக்கான மன்னிப்பை நானே எழுதிக்கொள்ளக் கூசியது. மூன்றாவது: மிஸுஹோவின் உயரத்தை அளந்து, கார்பனை எடுத்து... வேண்டாம்.

நடந்ததை எழுதப்போவதில்லை. எழுதினால் எனக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பக்கத்தை மூடிவிடுவீர்கள். மேசைக்கு இந்தப் பக்கம் வாருங்கள். கனமானது உங்கள் இடதுபுறம், லேசானது வலதுபுறம். ஷியோரி உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மிஸுஹோ கையை நீட்டிவிட்டாள்.