சீதளநாதனின் குடும்ப அட்டை

பிறிட்ஜுக்குக் குடும்ப அட்டை எடுத்தது நான்தான்.

தொண்ணூற்றிரண்டில், யாழ்ப்பாணத்தில் மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு பழைய புகையிலைக் களஞ்சியத்தில் குருநகர்க் கடற்றொழிலாளர் குடும்பங்கள் அகதிகளாக இருந்தன. பக்கத்து முகாமில் சின்னமுத்து அம்மை வந்து இரண்டு பிள்ளைகள் செத்திருந்தன. தடுப்பு மருந்தை அரசாங்கம் தரும், அதை வைக்கும் பிறிட்ஜைத் தொண்டு நிறுவனம் தரும் என்று ஒரு கூட்டத்தில் முடிவாகியது. ஊரில் மின்சாரம் இல்லை. பிறிட்ஜ் மண்ணெண்ணெயில் ஓடும். அந்த எண்ணெயை யார் தருவது என்று கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கூட்டம் முடிந்திராது.

நான் முகாமில் தொண்டன்; பிறிட்ஜின் அடியில் எரியும் திரி அணையாமல் பார்ப்பதுதான் என் இரவு வேலை.

"மருந்து அவையின்ரை. எண்ணெயும் அவைதான் தரவேணும்" என்றார் நிறுவனத்தின் இணைப்பாளர் கிறிஸ்துநாயகம்.

"பிறிட்ஜ் உங்கடை. எண்ணெயும் நீங்கள்தான்" என்றார் கிராம சேவையாளர் சோமசேகரம். ஊருக்கு அவர் இன்னும் பழைய பேரில் விதானையார்தான். "சங்கக்கடையிலை எண்ணெய் குடும்ப அட்டைக்குத்தான் குடுப்பினம். பிறிட்ஜுக்கு அட்டை கிடக்கோ?"

"நீங்கள் தந்தால் கிடக்கும்" என்றேன் நான்.

"கம்பஸ் படிப்பை விட்டிட்டு வந்து பிறிட்ஜுக்கு விளக்கு வைக்கிறீர். உமக்கு இதுவும் வேணும்" என்று சொல்லிக்கொண்டே படிவத்தை எடுத்தார். "பேர்?"

"சீதளநாதன்."

"சைவமோ வேதக்காரரோ?"

"பாதி அரசாங்கம், பாதி நிறுவனம்."

"சைவமெண்டு போடுறன். ஆளுக்குக் கிழமைக்கு ஒரு போத்தல். காணுமோ?"

"ஐஞ்சு வேணும்."

சீதளநாதனுக்கு மனைவி வந்தாள். மூன்று பிள்ளைகளும் பிறந்தன. வயதுகளை எட்டு, பத்து, பன்னிரண்டு என்று சொன்னேன்.

"விசரே உமக்கு? பள்ளிக்கூட வயசெண்டால் வரவு இடாப்பிலை பேரைத் தேடுவாங்கள். ஐஞ்சுக்குக் கீழை போடுவம்."

முகாமில் தலை எண்ணுவார்கள் என்பதால் விலாசத்தையும் ஊருக்குள் போட்டார். அன்று எங்கள் இருவருக்கும் எங்கள் மூளையில் நல்ல மதிப்பு.

மருந்து வராமலே மூன்று கிழமை வெறும் பிறிட்ஜைக் குளிராக வைத்திருந்தோம். முகாமில் இருந்த மக்டலீன் அக்கா தினமும் காலையில் வந்து நிற்பாள். இடுப்பில் மகள் றோஸ், ஒன்பது மாதம்.

"தம்பி, ஊசி வந்திட்டுதோ?"

"இல்லையக்கா."

"அப்ப உந்தப் பெட்டிக்குள்ளை என்ன கிடக்கு?"

"குளிர்."

ஒரு திங்கட்கிழமை மருந்து வந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளுக்கு வியாழக்கிழமை ஊசி. செவ்வாய்க்கிழமை சங்கக்கடைக்குப் போனேன். மனேச்சர் அட்டையைத் திருப்பித் தந்தார்.

"சீதளநாதனுக்கு நிப்பாட்டியாச்சு. மூண்டு பிள்ளையளுக்கும் ஊசி போடேல்லை."

அரசாங்கமும் நிறுவனமும் சேர்ந்து போட்ட புதுச் சட்டமாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஊசி போட்டதாக மருத்துவமாது கையெழுத்து வைக்கும்வரை அந்தக் குடும்பத்தின் அட்டைக்கு ஒன்றும் கிடையாது. முகாமுக்கு வியாழன்வரை தவணை. சீதளநாதனின் விலாசம் இருந்த ஊருக்குத் தவணை போன கிழமையே முடிந்துவிட்டது.

மருத்துவமாது கமலாவதியிடம் ஓடினேன். உண்மையைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"போடாத ஊசிக்குக் கையெழுத்து வைச்சால், மூண்டு பேரின்ரை மருந்து எங்கையெண்டு என்னைத்தான் கேப்பினம்."

"அப்ப இண்டைக்கே வந்து முகாமுக்குப் போடுங்கோ, மிஸ்ஸி."

"செவ்வாய் சுன்னாகத்திலை, புதன் ஏழாலையிலை ஊசி. கிழமை ஒழுங்கை மேலை கேக்காமல் மாத்தேலாது."

"மேலை எண்டால் ஆர்?"

"அவர் வெள்ளிக்கிழமைதான் வருவார்."

கிறிஸ்துநாயகத்தின் அலுவலக அறைக்குப் போனேன். மூலையில் ஒரு எண்ணெய்க் கலன் இருந்தது. நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

"அது கந்தோர் விளக்குக்கு வந்தது, தம்பி. பிறிட்ஜுக்கு ஊத்தினால் அரசாங்கத்தின்ரை பொறுப்பை நாங்கள் எடுத்த மாதிரிப் போயிடும். பிறகு எல்லா முகாமிலையும் எங்கடை தலையிலைதான் கட்டுவாங்கள்."

"மருந்து பழுதாப்போகும், சேர்."

"அறிக்கையிலை எழுதுவம்."

விதானையார் தன் வீட்டு எண்ணெயில் ஒரு போத்தல் தந்தார். கண்ணைப் பார்க்காமல் தந்தார். மக்டலீன் அக்கா முகாமுக்குள் ஒவ்வொரு குடும்பமாகப் போய், குப்பி விளக்குகளில் கிடந்ததை ஒரு ஜாம் போத்தலில் சேர்த்துக் கொண்டுவந்தாள். முக்கால்வாசி இருந்தது. அன்றும் மறுநாளும் முகாமில் ஒரு விளக்கும் எரியவில்லை.

திரி புதன் மத்தியானம் அணைந்தது. ஈரச் சாக்குகளால் பிறிட்ஜைச் சுற்றிக் கட்டினேன். வேறு என்ன செய்வது?

வியாழன் காலை எட்டு மணிக்குக் கமலாவதி வந்தாள். சொன்ன நேரத்துக்கு வந்தாள், அதில் பிழை சொல்ல முடியாது. தாய்மார் ஏற்கெனவே வரிசையில் நின்றார்கள். முதல் ஆளாக மக்டலீன் அக்கா, றோசுக்குத் தலை வாரிப் பொட்டில்லாமல் பவுடர் பூசி நின்றாள். கமலாவதி பிறிட்ஜைத் திறந்து வெப்பமானியை எடுத்தாள். இருபத்திரண்டு. எட்டுக்கு மேல் போகக்கூடாது.

"உது சரிவராது" என்றாள். மருந்துக் குப்பிகளை எண்ணி ஒரு பையில் போட்டு வாயைக் கட்டினாள். அடுத்த மருந்து எப்போது வரும் என்று கேட்டேன். பையின் முடிச்சை இன்னொரு தரம் இறுக்கினாள்.

சனிக்கிழமை சங்கக்கடைப் பலகையில் அட்டை நிறுத்தப்பட்டவர்களின் பெயர்கள் ஒட்டியிருந்தன. வியாழன் தவணை முடிந்ததால் முகாமில் சின்னப் பிள்ளைகள் உள்ள எல்லாக் குடும்பமும் அதில் இருந்தது. சட்டம் சட்டம்தானே. மக்டலீன் அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. நான் வாசித்தேன். முதல் பெயர் சீதளநாதன். ஏழாவது அவளுடையது.

"ஆர் உவன் சீதளநாதன்?"

நான் எட்டாவது பெயரை வாசித்தேன்.

"எத்தினை பிள்ளையளாம்?"

"மூண்டு."

"மூண்டோ!" றோஸ் அவள் தோளில் சிணுங்கிக்கொண்டு கிடந்தது. உடம்பு காய்கிறது என்று காலையிலேயே சொல்லியிருந்தாள். "பாவம், உவையளுக்கும் ஒருத்தரும் ஊசி போடேல்லை என்ன?"

"ஓம், அக்கா" என்றேன்.