நான்கு விரற்கடை உயரம்

மூன்றாவது ஆள் ஏலம் கேட்டதும் கேமராப் பெட்டி மேசையிலிருந்து ஒரு சாண் எழும்பி நின்றது. தாராவியில் பிச்சையாவின் தோல்பைப் பட்டறைக்கு மேலே, இரும்புப் படி ஏறிப் போக வேண்டிய தகரக் கூரை அறையில், தாஹிர் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தான். காலை ஏழே முக்கால் மணி. வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து பெட்டியை மேசையில் அமர்த்தினான். கையை எடுத்ததும் அது மறுபடி எழுந்தது. ஐந்தாவது ஆள் கேட்டபோது இரண்டு சாண் ஆயிற்று. பதினோராவது ஆளுக்குக் கூரையை முட்டியது. அது மே மாதம். தகரத்தின் சூட்டில் பெட்டி கெட்டுவிடக் கூடாதே என்று பட்டறையில் பை தைக்கும் நூலை வாங்கி, அதை மேசைக் காலோடு கட்டிவைத்தான்.

“என்ன பாய், மேல எதுவும் வளக்கீரா? முட்டுத சத்தம் கேக்கு” என்றார் பிச்சையா கீழிருந்து.

“கேமரா அண்ணாச்சி. ஏலம் சூடு பிடிச்சிருக்கு.”

“அப்பச் சரி” என்று அவர் தையல் எந்திரத்துக்குத் திரும்பிவிட்டார்.

அந்தத் தொழிலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஜப்பான் நிறுவனம் ஒன்று உள்ளங்கையில் அடங்கும் வெள்ளி நிறக் கேமராவைச் செய்தது. பத்துப் பேர் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். கடைகள் குலுக்கல் முறையில், ஒரு பெயருக்கு ஒன்று என்று விற்றன. தாஹிர் தன் மூத்த சகோதரி ராபியா லாத்தாவில் தொடங்கி மாஹிம் மச்சான், முலுண்டில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகள் வரை எல்லாப் பெயரிலும் விண்ணப்பம் போட்டான். மாதம் ஒன்றோ இரண்டோ விழும். அதை இணையத்தில் ஏழு நாள் ஏலத்துக்கு விடுவான். பெட்டிக்குப் பக்கத்தில் அன்றைய தமிழ்ப் பத்திரிகையை வைத்துப் படம் போடுவான். வாங்குபவர்களுக்குத் தமிழ் தெரியாது, தேதி தெரிந்தால் போதும். இந்த வியாபாரிகளுக்குள் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. பெட்டியில் நிறுவனம் ஒட்டிய சீலை உடைக்கக் கூடாது. ஏலத்துக்கு விட்டதைப் பாதியில் திரும்பப் பெறக் கூடாது. முதலாவதை மீறினால் பாதி விலை போகும், இரண்டாவதை மீறினால் பெயரே போகும். இரண்டு வருடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட கேமராக்கள் தாஹிரின் கை வழியாகப் போயின. ஒன்றின் முகத்தைக்கூட அவன் பார்த்ததில்லை.

ஆட்கள் ஆசைப்பட ஆசைப்படப் பெட்டி மேலே போகிறது என்பதை இரண்டாவது மாதத்திலேயே தெரிந்துகொண்டான். கூரியர்காரன் தராசு முள் அசையவில்லை என்று முணுமுணுத்தான். தாஹிர் பிச்சையாவிடம் அரைக் கிலோ தோல் துண்டு வாங்கிச் சுற்றிலும் வைத்துக் கட்டிக் கொடுத்தான். அதற்குப் பிறகு கூரியர்காரனுக்கும் குறை இல்லை. வாங்கியவர் சீலை உடைத்த கணத்தில் கேமராவுக்கு அதன் சரியான எடை வந்துவிடும் என்று ஜெய்ப்பூரிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். காலில் விழுந்து நகம் பெயர்ந்துவிட்டதாம். ஆனாலும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

எட்டாவது பெட்டிதான் முதலில் சாய்ந்தது. பிச்சையா ஒன்பதாவது என்பார். எட்டு என்பதே சரியாக இருக்க வேண்டும். யாரோ ஒருவர் ஏலம் கேட்டதும், நேராக மேலே நின்ற பெட்டி கிழக்குப் பக்கம் தலையைச் சாய்த்துக் கயிற்றை இழுத்தது. அடுத்த ஆள் அதிகம் கேட்டும் அது நிமிரவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஏலத்திலும் அந்த ஒருவர் வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரே தொகை, ஒரு ரூபாய் கூடுவதில்லை. ஒவ்வொரு முறையும் தோற்றார். தோற்றவரின் பெயரோ முகவரியோ விற்பவருக்குத் தெரியாது. அந்தச் சாய்வு மட்டும்தான் தெரியும்.

தாஹிருக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று பெண் வீட்டார் வந்து, கடை எங்கே என்று கேட்டு, கடை இல்லை என்றதும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். தன்னை யாரும் இப்படி இழுத்ததில்லை என்று அவனுக்குத் தோன்றியது. நாளாக ஆக, விற்பதற்காக அல்லாமல் சாய்வதைப் பார்ப்பதற்காகவே ஏலம் விட்டான். ஐந்தாம் நாள் வரை சாயவில்லை என்றால் சோறு இறங்காது. ராபியா லாத்தா மீன் குழம்போடு வந்தவள், தம்பி கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைக் கண்டாள்.

“ஏன்டா, பொட்டிக்கு வயசுக்கு வந்த பிள்ள மாதிரி காவல் இருக்க. அதுக்கும் நீ மாப்பிள்ள பாக்கியா?”

அவன் சிரிக்கவில்லை. அந்த ஆள் ஒருநாள் வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

தொழில் தொடங்கிய இரண்டாம் வருடம், பிப்ரவரியில் நிறுவனம் அந்தக் கேமராவை நிறுத்தப்போவதாக அறிவித்தது. தாஹிரிடம் ஒன்றுதான் இருந்தது. ஏலம் முடிய ஐந்து மணி நேரம் இருக்கையில் அந்த ஒருவர் வந்தார், பழைய அதே தொகையோடு. பெட்டி சாய்ந்த வேகத்தில் நூல் அறுந்து கிழக்குச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. தாஹிர் அதைப் பிடுங்கி மணிக்கட்டில் கட்டிக்கொண்டு சயான் ஸ்டேஷனுக்கு நடந்தான். குர்லாவில் மாறியபோது அது சரியான நடைமேடைக்குத் தானே திரும்பியது. வண்டியில் ஒருவர் உள்ளே புறாவா என்று இந்தியில் கேட்டார். இல்லை, கேமரா என்றான். அவர் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். செம்பூரில் பெட்டி அவனைக் கதவுக்கு இழுத்தது.

அது போய் நின்றது ஒரு எக்ஸ்ரே மையத்தில். முறைப்படி டோக்கன் எடுக்கச் சொன்னார்கள். எடுத்தான், பதினான்காம் எண். முக்கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே போனபோது, ஈய அங்கி மாட்டிய ஒரு பெண் மேசைப் படுக்கையைக் காட்டினாள். முப்பத்தொரு வயது இருக்கும். அவள் பெயர் சஃப்ரீன், கோவண்டியில் வீடு என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

“எங்க வலி?” என்றாள் இந்தியில். அவன் தமிழில் முழித்ததைப் பார்த்துத் தமிழுக்கு வந்தாள். “கைய காட்டுங்க. கயிறு ஏன் கட்டியிருக்கு?”

“வலி இல்லீங்க. இது ஒங்க கேமரா.”

பெட்டி அவள் மார்பு உயரத்தில் போய் நின்றிருந்தது. அவள் அதன் சீலையும் விளிம்பையும் பார்த்தாள், எழுத்தைப் படித்தாள். தொடவில்லை.

“ஏலம் சாயங்காலம்தான முடியும். நான் தோத்துட்டேன், ரெண்டு மணிக்கே.”

“நீங்க கேட்ட தொகைக்கே தாரேன்.”

“அரே, எதுக்கு? பாவம் பாத்தா?”

“இல்ல. இது வேற எங்கயும் போக மாட்டேங்கு.”

அவள் அடுத்த டோக்கனைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிக் கதவருகே குரல் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: “ஒன்பது வருசமா ஆளுங்க எலும்பத்தான் படம் எடுக்குறேன். மூச்ச பிடி, விடு, அடுத்த ஆள். யார் முகமும் ஞாபகம் இல்ல. ஒரு தடவ முகத்த எடுக்கணும், அவ்வளவுதான்.”

தாஹிர் அங்கேயே கைபேசியை எடுத்து ஏலத்தை ரத்து செய்தான். நான்கு நிமிடத்தில் ஏலத் தளம் அவன் கணக்கை நிரந்தரமாக மூடியது. மற்ற வியாபாரிகள் அவன் பெயரைத் தங்கள் குழுவிலிருந்து நீக்கினார்கள். சஃப்ரீன் கத்தரிக்கோலால் சீலை உடைத்தாள். பெட்டி மேசையில் சொத்தென்று விழுந்தது. கேமராவைத் தாஹிரும் அப்போதுதான் முதல்முறை பார்த்தான். அவள் அங்கியைக் கழற்றிவிட்டு, அவனை வெளிச்சத்தில் நிறுத்தி, முதல் முகமாக அவனுடையதை எடுத்தாள். மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை.

பெட்டி எழும்பும் காரணத்தை அன்றே அவளிடம் சொல்லி, தன் எண்ணையும் கொடுத்திருந்தான். ஆறு நாள் கழித்து அவள் தொலைபேசியில் அழைத்தாள்.

“என் கால் தரையில படல. நாலு விரக்கடை. நீங்கதானா?”

“ஆமா.”

“நிறுத்த முடியுமா?”

“நாலு நாளா பாக்கேன். முடியல.”

“ஈய அங்கி போட்டா நிக்குது” என்றாள் யோசித்து. “டூட்டிக்குப் பிரச்சன இல்ல. சரி, இருக்கட்டும்.”

இருந்தது. கோவண்டி மழைக்காலத்தில் அவள் காலில் சேறு படாமல் நடந்தாள். ரயிலில் பெண்கள் பெட்டியில் மற்றவர்கள் அவள் தோளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவன் பிச்சையாவின் பைகளை இணையத்தில் விற்கத் தொடங்கினான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் எடுத்த முகங்களைப் போய்ப் பார்த்தான். நிக்காஹ் பேச்சை ராபியா லாத்தா எடுத்தபோதெல்லாம் அடுத்த மாதம் என்றான். இரண்டு வருடம் அப்படியே போயிற்று. ஆசைப்பட்டவர் கையில் கிடைத்ததும் கேமராப் பெட்டி சொத்தென்று விழுந்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான். அவளும் விழுந்துவிட்டால், தன் நெஞ்சில் ஒன்றும் மிச்சமில்லை என்றல்லவா ஆகும்? இதை ஒருநாள் அவளிடமே சொல்லிவிட்டான்.

சஃப்ரீன் முறைத்தாள். “நான் என்ன கேமராவா? ஒடைக்க சீல் இருக்கா எனக்கு? இன்னும் ரெண்டு வருசம் தொங்க என்னால ஆகாது. வெள்ளிக்கிழமை வச்சுக்கோங்க, இல்லன்னா விட்டுடுங்க.”

வெள்ளிக்கிழமை நிக்காஹ் நடந்தது. அன்று மாலையே அவள் பாதங்கள் தரையைத் தொட்டன. தாஹிர் அதைப் பார்த்தான். சனியும் ஞாயிறும் அவள் அந்தத் தகரக் கூரை அறை முழுக்கச் சத்தமாக நடந்தாள், அவன் ஒவ்வொரு அடியையும் கேட்டான், பிரியாணியைத் தொடவில்லை. திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குப் புறப்பட்டாள். அவன் படி உச்சியில் நின்று பார்த்தான். மூன்றாவது படியில் அவள் செருப்பொலி நின்றுபோனது. மற்ற படிகளைத் தொடாமலே இறங்கி, பட்டறை வாசலில் பிச்சையாவுக்குத் தலையசைத்துவிட்டு, தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் ஸ்டேஷனுக்குப் போனாள்.

இன்றும் அப்படித்தான். மாலை ஆறரைக்கு அவள் திரும்பும்போது படியில் சத்தம் வராது. கடைசி இரண்டு படிகளில் மட்டும் வரும். அதைக் கேட்டதும் தாஹிர் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைப்பான்.