ரெண்டு மணி நேரம்

"எம்புட்டு நேரம் ஓடணும்ணே?" என்று கேட்டார் அப்துல் சுக்கூர் பாய். திண்டுக்கல்லில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். எந்தக் கடைக்காரரும் கேட்கிற கேள்விதான். எனக்கோ போன வைகாசிதான் கண்முன் வந்தது.

என் தொழில் பிரீசர் பெட்டி வாடகைக்கு விடுவது. சாவு வீட்டில் கொண்டுபோய் வைத்ததோடு வேலை முடியாது. மேல் கண்ணாடியில் பனி படிந்தால் முகம் தெரியாது. துண்டும் கையுமாகப் பக்கத்திலேயே நிற்பேன், துடைத்துக்கொண்டே இருப்பேன்.

போன வைகாசியில் வடமதுரையில் ஆனந்தமேரி டீச்சர் இறந்த வீட்டில், காலையிலேயே கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைப் போட்டேன். அது போட்ட சத்தத்தில் செபமாலை ஒருவருக்கும் கேட்கவில்லை. "செத்த நேரம் நிப்பாட்டப்பு, செபம் முடியட்டும்" என்றார் ஒரு பெரியவர். மாதாவுக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல வாய் வருமா? நிறுத்தினேன். செபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டிச் சொல்லி முடித்தபின் கயிற்றை இழுத்தால், பாழாய்ப்போனது இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. வேறு ஜெனரேட்டர் தேடி நாயாய் அலைந்தேன், கிடைக்கவில்லை. வெயிலோ வெயில். மஸ்கட்டிலிருந்து மகள் ஐரின் வந்துகொண்டிருந்தாள். இனித் தாங்காது என்று மதியமே எடுத்துவிட்டார்கள். அவள் வந்து இறங்கியபோது கல்லறையில் ஈர மண்தான் இருந்தது. என்னைத் திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். "ரெண்டு மணி நேரம்ணே. வெறும் ரெண்டு மணி நேரம்" என்றாள், அவ்வளவுதான்.

பாய் இரண்டு பவர் ஸ்டேஷன்களை, கரண்ட் போனால் ஓட்டுகிற பெரிய பேட்டரிகளை, எடுத்து வைத்தார். இரண்டும் சத்தம் போடாத சாதி. சின்னது தூக்கவும் லேசு, விலையும் லேசு. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"பெட்டிய மாட்டிப் பாக்கணும் பாய். வண்டியிலதான் இருக்கு."

வியாபாரம் நடக்கிற இடத்தில் சாவுப் பெட்டியா என்று வேறு யாராவதாக இருந்தால் விரட்டியிருப்பார்கள். பாய் வழியில் கிடந்த அட்டைகளை ஒதுக்கினார்.

"மவுத்து நடக்காத வீடு எங்கண்ணே இருக்கு? உள்ள கொண்டாங்க."

சின்னதில் மாட்டினோம். கம்ப்ரசர் ஒரே இழுப்புதான் இழுத்தது, பேட்டரி கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. "கெளம்பும்போது மூணு மடங்கு கரண்ட் கேக்கும்ணே, இது தாங்காது" என்றார் பாய். பெரியதில் மாட்டியதும் பெட்டி மெல்ல உறுமி, நிதானமாக ஓடத் தொடங்கியது. ஏழு மணி நேரம் வரும் என்று திரை காட்டியது.

"பில்லு போட்ரவாண்ணே?"

"இருங்க பாய். ரெண்டு மணி நேரம் ஓடட்டும்."

பாய் பில் புத்தகத்தை மூடி வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்திருந்தேன். ஆள் இல்லாத பெட்டி குளிர்ந்துகொண்டே போனது, கண்ணாடியில் பனி படிந்தது. எழுந்துபோய், முகம் இருக்க வேண்டிய இடத்தில் துண்டால் துடைத்தேன்.