சண்டை என்றே சொன்னான்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவனுக்கு இஸ்திரி என்று பட்டப்பெயர். நாளெல்லாம் துணி தேய்ப்பவன். சொந்தச் சட்டை மட்டும் எப்போதும் கசங்கியிருக்கும். அந்தப் பெயரை வைத்தவர், பதினோரு வருடமாக அவனுக்கு எதிர்முனை பிடித்துப் படுக்கை விரிப்பு மடித்த அண்ணன். கூடப்பிறந்தவர் அல்ல, கூப்பிட்டுக் கூப்பிட்டு அண்ணனானவர்.

திங்கட்கிழமை, கறை போகாத விரிப்பு ஒன்றை அவர் நல்ல அடுக்கில் வைத்துவிட்டார்.

"கண்ணு தெரியலைன்னா வீட்ல உக்காருங்க!" என்று கத்தினான் இஸ்திரி.

"வாயை மூடுடா!" என்று அவரும் கத்தினார்.

மாலைவரை இருவரும் பேசாமலே மடித்தார்கள். மறுநாள் அவர் வரவில்லை. தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருந்தது.

இஸ்திரிக்கு அழுகை வரவில்லை. சோறு இறங்கவில்லை. கைகள் மட்டும் வேலை செய்தன. அண்ணன் மனம் நொந்து போனாரோ என்ற ஒரே கேள்விதான். அண்ணி முகத்தில் எப்படி விழிப்பது என்று சாவு வீட்டுக்கும் போகவில்லை.

"சின்னக் கருத்து வேறுபாடு, அவ்வளவுதானேப்பா" என்றார் மேற்பார்வையாளர்.

"வாக்குவாதம்னு வேணா சொல்லு" என்றாள் துணி பிரிக்கும் அக்கா. "சண்டைன்னு மட்டும் உங்க அண்ணிகிட்ட சொல்லிடாதே தம்பி."

தலையாட்டினான். எதுவும் உள்ளே போகவில்லை.

ஐந்தாம் நாள் மாலை அண்ணன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினான்.

"கடைசி நாள் உங்களுக்குள்ள ஏதோ பேச்சு வந்துச்சாமே?" என்றாள் அண்ணி.

மெத்தென்ற வார்த்தைகளெல்லாம் தயாராக இருந்தன. கடவுளுக்குப் பயந்தவன், மழுப்ப வாய் வரவில்லை.

"சண்டைதான் அண்ணி. கண்ணு தெரியலைன்னா வீட்ல உக்காருங்கன்னு கத்திட்டேன்."

அண்ணி கதவை அகலத் திறந்தாள்.

"வேத்தாள்கிட்ட உங்கண்ணன் சண்டை போட்டுப் பாத்திருக்கியா? பஸ்ல காலை மிதிச்சவன்கிட்டயே 'பரவாயில்லீங்க'ம்பார். வீட்ல என்னோட போடுவார், வெளியில உன்னோட. வேற யாரோட போட்டார்?"

"கோவமா இருந்தாரா?"

"இருந்தார். பொய் சொல்லமாட்டேன். 'நாளைக்கு அவனைப் பாத்துக்கறேன்'னு சொல்லிட்டுத்தான் படுத்தார். நாளைக்கும் உன் கூடத்தான் வேலைங்கற நினைப்புடா அது."

அவள் குரல் உயர்ந்தது.

"அது கெடக்கட்டும். அஞ்சு நாளா எங்கே போயிருந்தே? ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் எட்டி எட்டிப் பாத்தேன். பெரிய மனுஷன் ஆயிட்டியோ?"

"நீங்க ஒரு போன் பண்ணியிருக்கலாமில்ல?"

"நான் பண்ணணுமா? நானா?"

ஆண்டவன் ஆறுதலை எப்போதும் மெல்லிய குரலில்தான் அனுப்புவான் என்றில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இருவரும் நிறுத்தவில்லை.