வர்க்கிக்கடைக் கரும்பலகை

“என்ன மாத்திரை சாப்பிட்டாங்க, எத்தனை நாளா சாப்பிட்டாங்க? அது தெரியாம நான் கண்ணைக் கட்டிக்கிட்டுதான் வைத்தியம் பாக்கணும்,” என்றார் டாக்டர். என் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. ராமாத்தாளின் இடது காலை மூடியிருந்த துணியை விலக்கிக் காட்டினார். பாதம் முழுக்கக் கறுத்திருந்தது.

“தீப்புண். மூணு வாரம் ஆயிருக்கும். சர்க்கரை வேற. இப்ப கிட்னியும் கெட்டுட்டு வருது. ஏதோ வலி மாத்திரையை அள்ளிப் போட்டிருக்காங்க. உங்ககிட்டதானே வேலை பாக்கறாங்க? உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. பதினொரு வருஷமாக என் வர்க்கிக்கடையில், அந்த மொறுமொறு ரொட்டிக்கு மாவு மடிக்கிறவள் அவள். இன்று காலை என் கண்ணெதிரே சரிந்து விழுகிறவரை எனக்கு ஒன்றும் தெரியாது. அதன் பிறகு அவள் கண்ணே திறக்கவில்லை. புருஷன் செத்து வெகுகாலம் ஆகிறது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டால், “அம்மா நல்லாத்தானே பேசுச்சு” என்று அழுகிறாள். வேறு யாருக்காவது தெரிந்திருந்தால், அது கடையில் அவளோடு நிற்கிற மூன்று பேருக்குத்தான்.

மூக்கம்மாவைப் போனில் கூப்பிட்டேன். “எனக்கொண்ணும் தெரியாதுங்கம்மா.” அடுப்பு பார்க்கிற பாண்டியராஜ், “நாங் கவனிக்கலீங்கம்மா” என்றான். மாவு பிசைகிற பிராங்ளின் போனை எடுக்கவே இல்லை. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஆட்டோ பிடித்தேன். சேரிங்கிராஸ் சந்திப்பில் சீசன் கூட்டம், வண்டி நகரவில்லை. இறங்கி ஓடினேன். ஐம்பத்தாறு வயதில், ஊட்டி மேட்டில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

நான் கோபக்காரி. அதை ஊரே சொல்லும். ஆனால் ஒருத்தர் சம்பளத்தையும் பிடித்ததில்லை, ஒருத்தரையும் வேலையை விட்டுப் போகச் சொன்னதில்லை. ஒரு கரும்பலகை மட்டும் வைத்திருந்தேன். வர்க்கி கருகினால், தட்டு கவிழ்ந்தால், சொல்லாமல் லீவு போட்டால் அதில் பேர் ஏறும். சனிக்கிழமைவரை அழிக்க மாட்டேன். கடை ஜன்னலிலிருந்து நேராகக் கண்ணில் படுகிற மாதிரி, பின்கட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தேன். வாங்க வருகிறவர்கள் எல்லாம் அவர்கள் தெருக்காரர்கள். நாலு பேர் பார்த்தால் தானாகத் திருந்துவார்கள் என்று என் நினைப்பு. நாலு மாதமாகப் பலகையில் ஒரு பேர்கூட ஏறவில்லை. “தங்கமான பசங்க, ஒரே குடும்பம் மாதிரி” என்று போன ஞாயிறுகூட சர்ச் வாசலில் பாஸ்டரம்மாவிடம் பீற்றிக்கொண்டேன்.

பின்கட்டின் தகரக் கதவைத் தள்ளினேன். உள்ளே டக், டக் என்று தட்டில் கரண்டி அடிக்கிற சத்தம். தினமும் கேட்கிறதுதான். ஒட்டின தூளைப் பாண்டியராஜ் உதிர்க்கிறான் என்று நினைத்திருந்தேன்.

“யாரு அவளுக்கு மாத்திரை வாங்கிக் குடுத்தது? வாயத் தொறங்க!”

மூக்கம்மா தரையைப் பார்த்தாள். பிராங்ளின் பிசைந்த மாவையே திரும்பப் பிசைந்தான்.

“அவ செத்துப்போனா உங்க மூணு பேரையும் சும்மா விட மாட்டேன்!” என்று கத்தினேன். கத்தக் கத்த அவர்கள் வாய் இறுகிக்கொண்டே போனது.

அப்போதுதான் மாவு மேஜைக்கு அடியில் அந்த முக்காலியைப் பார்த்தேன். மேலே மடித்த சாக்கு, அதன்மேல் ராமாத்தாளின் பச்சைச் சால்வை. என் பேக்கரியில் உட்கார்ந்து வேலை செய்ய யாருக்கும் முக்காலி கிடையாது.

“இது யாருக்கு?”

மூக்கம்மா சால்வையைக் கையில் எடுத்தாள். “சூடான தட்டு விழுந்ததுல இருந்து கால ஊன முடியலீங்களே அதுக்கு. உக்காந்துதான் மடிச்சுட்டு இருந்துச்சுங்க. அதோட தட்டெல்லாம் பிராங்ளின்தான் தூக்குனான்.”

“நான் ஒரு நாளும் பாக்கலையே?”

அவள் பாண்டியராஜைப் பார்த்தாள். அவன் கையில் இருந்த கரண்டியைப் பார்த்தான். “நீங்க வர்றது தெரிஞ்சா ரெண்டு அடி அடிப்பனுங்க. அந்தச் சத்தங் கேட்டா அக்கா எந்திரிச்சு நின்னுக்கும்.”

ஏசப்பா! ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது உள்ளே வருவேன். மூன்று வாரமாக ஒவ்வொரு தடவையும் அந்தக் காலை ஊன்றி எழுந்து நின்றிருக்கிறாள். நின்று சிரித்தும் இருக்கிறாள் பாவி.

“தட்டு கால்ல விழுந்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“சொன்னா பேரு ஏறுமுங்களே,” என்றாள் மூக்கம்மா. “போன தடவ ஏறினப்ப ஒரு வாரம் தெருக் கொழாய்க்கே போகலீங்க அது. ராத்திரி ஊட்டுல தண்ணியில்லாம கெடந்துச்சு. அதான் நாங்களே பாத்துக்கலாம்னு இருந்துட்டோம்.”

பலகையைப் பிடுங்கி அடுப்பு வாயில் திணித்தேன். பாதிதான் நுழைந்தது. மீதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

“இனி பேரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கையெடுத்துக் கும்பிடறேன். அந்த மாத்திரை பேரச் சொல்லுங்க. அவ பொழைக்கணும்.” எனக்கு அழுகை வந்துவிட்டது. இவர்கள் முன்னால் நான் அழுததே இல்லை.

பிராங்ளின் வாயைத் திறந்தான். என் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டான்.

“நீங்க கொஞ்சம் வெளிய போங்கம்மா,” என்றாள் மூக்கம்மா மெதுவாக. “டாக்டர்கிட்ட நாங்களே பேசறோம். உங்க முன்னால வாய் வர மாட்டேங்குதுங்க.”

டாக்டருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவள் கையில் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். கதவு மூடிக்கொண்டது. சாரல் அடித்தது. என் பேக்கரிக்கு வெளியே நான் நின்றேன்.

உள்ளே முதலில் மூக்கம்மாவின் குரல். அப்புறம் பாண்டியராஜ். அப்புறம் மூன்று பேரும் முண்டியடித்துக்கொண்டு பேசினார்கள். “காலைல ஒண்ணு, சாயங்காலம் ரெண்டுங்க சார்.” “அட்டை இங்கதான் இருக்குங்க, மாவு டப்பாவுல.” மூன்று வருஷமாக என்னிடம் “சரிங்கம்மா” தவிர வேறொன்றும் பேசாத பிராங்ளின் சொன்னான், “அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு குடுத்தேன் சார். செவப்பு மாத்திரை. எங்கப்பாவோடது. அது பேரு வந்து...”

டாக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு அடி முன்னால் வைத்தேன். நனைந்த செருப்பு கல்லில் கிறீச்சிட்டது.

டக், டக்.

பேச்சு நின்றது. சிவப்பு மாத்திரையின் பேர் அவன் வாய்க்குள்ளேயே நின்றது.

“நான் வரல! உள்ள வரல! சொல்லுங்க!” என்று கத்தினேன். அதுவும் அதட்டலாகத்தான் வந்தது. உள்ளே மூச்சுச் சத்தமில்லை. போனில் டாக்டர் மட்டும், “ஹலோ? என்ன மாத்திரை? ஹலோ?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பி ரோட்டைப் பார்த்து நடந்தேன். நான் போவது அவர்களுக்குக் கேட்கட்டும் என்று ஒவ்வொரு அடியையும் ஓங்கி ஓங்கி வைத்தேன்.