பட்டியலுக்குப் பத்திரம்

ஒரு மனிதர் எந்தக் கூரையின் கீழ் தூங்குகிறார் என்ற தகவலுக்கு அன்றைய சந்தை விலை அரை கப் காபி. காப்பீட்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் தலைக்கு அவ்வளவில்தான் ஆரம்பித்தார். எங்கள் பொருளாளர் லேசாக முகம் சுளித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சங்கம் சில்லறை வியாபாரம் பண்ணுவதில்லை என்றார். பேச்சு முழுக் கப்புக்கு ஏறியது. நான் ஓரத்தில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தேன். துணிக்கடை வீட்டில் பிறந்தவன். பேரம் எந்த மூலையில் நடந்தாலும் காது நிமிர்ந்துவிடும். கண்ணாடி துடைத்த நேரம் அருமை. அரை நிமிஷம் முன்னால் துடைத்திருந்தால் வந்தவர் எழுந்து போயிருப்பார்.

எங்களுடையது சொத்து மதிப்பீட்டாளர் சங்கம். வீடு, மனை, தோப்பு, பட்டறை என்று எதைக் காட்டினாலும் இன்ன விலை பெறும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர்கள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது பேர். அலுவலகத்துக்கு மேலாளர், எழுத்தர், காவலர் எல்லாம் நான் ஒருவன்தான். சந்தா வாங்குவேன், உரிமம் புதுப்பிப்பேன், உறுப்பினர் கோப்புகள் இருக்கும் இரும்பு அலமாரியின் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வேன். அலுவலகம் நாலாவது மாடி. லிஃப்ட் இரண்டு வருஷமாக முதல் மாடியில் ஓய்வெடுக்கிறது. ஆயிரத்து எண்ணூற்று நாற்பது கப் காபியில் லிஃப்டை எழுப்பிவிடலாம் என்பது பொருளாளரின் கணக்கு. கெட்ட எண்ணம் இல்லை. முட்டிவலிக்காரர்.

வியாழக்கிழமை நிர்வாகக் குழு கூடி ஒப்புதல் தரும்; வெள்ளிக்கிழமை நான் பெயர், வீட்டு விலாசம், தொலைபேசி எண்களைப் பென் டிரைவில் போட்டுக் கொடுக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலை நானே தட்டச்சு செய்து அறிவிப்புப் பலகையில் குத்தினேன்.

செவ்வாய்க்கிழமை டேப் மேடம் உரிமம் புதுப்பிக்க வந்தார். எல்லாரும் லேசர் கருவியால் சுவரை அளக்கும் காலத்தில் இன்னும் இரும்பு டேப்பை இழுத்து அளக்கிறவர். அதனால் அந்தப் பெயர். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு பங்களாவுக்கு உள்ளது உள்ளபடி விலை எழுதினார். சொந்தக்காரர் எதிர்பார்த்ததில் பாதிகூடத் தேறவில்லை, வங்கிக் கடனும் அதற்குத் தக்கபடி சுருங்கியது. அந்த ஆள் ஆறு மாதம் இவர் வீட்டு கேட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருநாள் மகளின் பள்ளி வேன் பின்னாலேயே போயிருக்கிறார். மேடம் வீடு மாற்றினார். அங்கேயும் வந்துவிட்டார். மறுபடி மாற்றினார். இப்போது இருக்கும் வீடு சொந்தத் தம்பிக்குக்கூடத் தெரியாது. எனக்குத் தெரியும். போன முறை படிவத்தில் விலாசம் எழுதும் இடத்தைக் காலியாக விட்டிருந்தார். கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்று சட்டம் பேசி எழுத வைத்தவன் நான்.

பலகையைப் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். குரல் ஏறவில்லை.

"அண்ணா, குடுக்கறதுன்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. வேற வீடு பாக்க எனக்கு ஒரு மாசமாவது வேணும்."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருப்பேன். அவர் ரசீதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நாலு மாடியும் இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலமே பொருளாளரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. அந்த ஒரு வரியை எடுத்துவிடு, மீதியைக் கொடு என்றார். நல்ல தீர்வாகத்தான் பட்டது. வீட்டுக்குப் போய்ச் சேரும்வரைக்கும் நல்லதாகவே இருந்தது. கை கழுவும்போதுதான் உறைத்தது: ஒருத்தர் வந்து சொன்னார், சரி. சொல்லாதவர்களில் எத்தனை பேர் வீட்டு கேட்டுக்கு எதிரே வண்டி நிற்கிறது? இவர்கள் தொழிலே நாலு பேருக்குப் பிடிக்காத விலையை எழுதுவது. பட்டியல் என்பது துணியும் இல்லை. துணியை விற்றால் வாங்கியவனோடு போய்விடும். பட்டியலை விற்ற பிறகும் அது விற்றவன் கையில் இருக்கும், வாங்கியவன் கையிலும் இருக்கும், அவன் விற்கப்போகும் பத்துப் பேர் கையிலும் இருக்கும்.

ஆனால் குழுவில் எனக்கு ஓட்டு கிடையாது. அங்கே போய் நியாயம் பேசினால், நியாயமாக என் சம்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

வியாழக்கிழமை குழுவின் ஏழு பேரும் மூச்சு வாங்கி ஏறி வந்தார்கள். பொருளாளர் ஆளுக்கொரு பிரதி கொடுத்தார். மதிப்பீட்டாளர்கள் அல்லவா, பட்டியலையே மதிப்பிட்டுவிட்டார்கள். மூன்று வழிகளில்: இதே மாதிரி பட்டியல்கள் வெளியில் என்ன விலைக்குப் போயின, புதிதாகத் திரட்டினால் எவ்வளவு செலவாகும், வருஷாவருஷம் விற்றால் எவ்வளவு வரும். இறந்துபோன பதினாலு உறுப்பினர்களுக்குத் தேய்மானம் கழித்திருந்தார்கள். முடிவில், காப்பீட்டுக்காரர் தருவது குறைவு, இன்னும் கால் பங்கு கேட்கலாம் என்று எழுதிக் கீழே பொருளாளரின் கையெழுத்து. மேஜையைச் சுற்றி ஒரு திருப்தி பரவியது. தொழில்காரர்கள் தொழில் பார்த்த திருப்தி.

தண்ணீர் பாட்டில்களை வைத்துக்கொண்டே நானும் ஒரு பிரதியைப் புரட்டினேன். எங்கள் சங்கத்து அறிக்கைப் படிவத்தில் முதல் பக்கம் முதல் கட்டம் சொத்தின் விவரம். இரண்டாவது கட்டம் உரிமையாளர் பெயர், பத்திர எண். முதல் கட்டத்தில் அழகாக எழுதியிருந்தது. இரண்டாவது வெறுமையாக இருந்தது. எவ்வளவு பெறும் என்ற ஆர்வத்தில் ஏழு பேரும் அதைத் தாண்டிக் குதித்திருந்தார்கள்.

எங்கள் தலைவர் அம்மா, போன வருஷம்தான் பத்திரம் பார்க்காமல் ஒரு தோட்ட வீட்டுக்கு விலை எழுதிய உறுப்பினரின் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தி வைத்தவர். அவர் பக்கத்தில் பாட்டிலை வைத்துக் குனிந்தேன்.

"மேடம், ரெண்டாவது கட்டம் காலியா இருக்கு. ஃபைல் பண்ணும்போது என்ன எழுதட்டும்?"

அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "ஓனர் யாரு?" என்று பொதுவாகக் கேட்டார்.

"சங்கம்தான், வேற யாரு?" என்றார் பொருளாளர்.

"பத்திரம்?"

பொருளாளர் என்னைப் பார்த்தார். என்னிடம் இருந்த ஒரே காகிதத்தை எடுத்து வைத்தேன்: உறுப்பினர் சேர்க்கைப் படிவம். அடியில் எறும்பு அளவு எழுத்தில், இதிலுள்ள விவரங்கள் பதிவுக்கும் சங்கத்து அறிவிப்புகளுக்கும் மட்டும் என்று இருக்கும். இருபது வருஷமாக அச்சடிக்கிறோம். யாரும் படித்ததில்லை, எழுதிய வக்கீலைத் தவிர. தலைவர் அம்மா அதை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார்.

"வெளியூர் போனவங்க வீட்டைப் பாத்துக்கங்கன்னு சாவியக் குடுத்துட்டுப் போயிருக்காங்க," என்றார். "நாம அதுக்கு வாடகை பேசிட்டு இருக்கோம்."

தான் எழுதியது வெறும் குறிப்புதான் என்று பொருளாளர் இழுத்தார். கையெழுத்துக்கு மேலே மதிப்பீட்டு அறிக்கை என்று கொட்டை எழுத்தில் இருப்பதைத் தலைவர் அம்மா காட்டினார். உரிமையாளர் தெரியாத சொத்துக்கு விலை எழுதினால் ஆறு மாதம் என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. ஏழு பிரதிகளும் நொடியில் மேஜை நடுவுக்குத் திரும்பி வந்தன. இவ்வளவு வேகமாக இந்தக் குழு ஒரு தீர்மானமும் போட்டதில்லை.

கூட்டம் முடிந்ததும் பொருளாளர் என்னிடம் வந்தார். கோபத்தோடு வருகிறார் என்று நினைத்தேன். தன் உறுப்பினர் கோப்பை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். வங்கிப் புத்தக நகல், மனைவியின் கையெழுத்து, பதினோரு வருஷத்துக்கு முந்தைய மருத்துவச் சான்றிதழ். சான்றிதழில் அவருக்கு மூலநோய் என்று தெளிவாக எழுதியிருந்தது.

"இது எதுக்குய்யா சங்கத்துக்கு?"

"ஒரு வருஷாந்திரக் கூட்டத்துக்கு வர முடியலைன்னு நீங்களே குடுத்தது சார்."

அடுத்த கூட்டத்தில் புதுத் தீர்மானத்தை அவரே முன்மொழிந்தார். ஒவ்வொரு உறுப்பினருக்கும் அவரைப் பற்றி நம்மிடம் இருப்பதைக் காட்ட வேண்டும். தேவையானது மட்டும் இருக்க வேண்டும். மீதியை அவர்கள் கண் முன்னால் அழிக்க வேண்டும். காகிதம் நறுக்கும் யந்திரம் வாங்கினோம். காப்பீட்டுக்காரருக்கு மரியாதையாக ஒரு கடிதம் போனது. ஆள் விடவில்லை, ஒன்றரைக் கப் தருகிறேன் என்று பதில் எழுதினார். அதற்கு இரண்டாவது கடிதம், ஒரே வரியில்.

டேப் மேடம் புதன்கிழமை வந்தார். அவர் கோப்பை மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாக எண்ணினோம். பதினொரு விவரம். பெயர், உரிம எண், சந்தா தேதி, மின்னஞ்சல் நான்கும் இருக்கட்டும் என்றார். தொலைபேசி எண், ரத்த வகை, கணவர் பெயர், பரிசு கொடுப்பதற்காகக் கேட்டு வாங்கிய மகளின் பள்ளி, பழைய வீடு, அதற்கு அடுத்த வீடு, இப்போதைய வீடு: ஏழும் யந்திரத்துக்குள் போயின. கணினியில் இருந்ததையும் அவர் பார்க்கப் பார்க்க நீக்கினேன். பிறகு பேரேட்டில் எழுதி அவர் பக்கம் திருப்பினேன். இருந்தது பதினொன்று, வைத்தது நாலு, அழித்தது ஏழு.

பேனாவைத் திறந்தவர் கையெழுத்துப் போடாமல் நிமிர்ந்தார்.

"ஒரு நிமிஷம் அண்ணா. என் வீடு எங்க இருக்கு?"

"பதினேழு பை ரெண்டு, தச்சுப் பட்டறைக்கு மேல, பின்பக்கப் படி," என்றது என் வாய், என்னைக் கேட்காமலே.

அவர் சிரித்தார். அழித்தது ஏழு என்பதை அடித்து ஆறு என்று திருத்தினார். அதற்குக் கீழே கட்டம் கட்டமான தன் கையெழுத்தில் இன்னொரு வரி சேர்த்துவிட்டு ஒப்பமிட்டார்:

பாக்கி ஒன்று, மேலாளர் தலையில்.