பினாங்கு என்று நினைத்த படிப்பு

வனேசாவைக் குழப்புவதற்கென்றே ஞாயிறு காலைப் பூசை வைக்கிறார்களோ என்னவோ! பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவத்துப் பிள்ளை. அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க நாளையோடு கெடு முடிகிறது என்று கோயில் வாசலில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

“சிந்தோக் யூனிவர்சிட்டி போடு லா, நம்ம கெடா தானே,” என்றார் கிறிஸ்டியன் அங்கிள். நம்ம கெடாவாம்! மாநிலம் ஒன்றுதான்; ஆனால் அவள் இருக்கும் கூலிமிலிருந்து சிந்தோக் போய்ச் சேர்வதற்குள் பினாங்குக்குப் போய்த் திரும்பியே வந்துவிடலாம். ஷீலா ஆன்ட்டி கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்கே அனுப்பப் பார்த்தாள். வனேசா எல்லாருக்கும் தலையை ஆட்டிவைத்தாள்.

வீட்டில் மட்டும் குழப்பம் இல்லை. மகளுக்கு உணவியல் படிக்க ஆசை. அம்மா லூர்து மேரிக்கு மகள் கிட்டத்திலேயே இருக்க வேண்டும். அப்பா போன பிறகு அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான். பினாங்கு யூனிவர்சிட்டியில் அந்தப் படிப்பு உண்டு. வெள்ளிக்கிழமை பஸ் ஏறினால் ராத்திரிச் சாப்பாடு வீட்டில். பிறகென்ன? அம்மா புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலுக்குப் போய் ஆளுயர மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அதோடு விட்டாளா? ஏற்றிவிட்டும் வந்துவிட்டாள். இடம் கிடைத்த பிறகுதான் ஊரில் எல்லாரும் ஏற்றுவார்கள். லூர்து மேரிக்கு அவ்வளவு பொறுமை ஏது!

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் வனேசா சிவானிக்குப் போன் போட்டாள். சிவானி அதே தெருப் பெண். போன வருடம் இதே படிப்புக்குத்தான் போனாள்.

“வாராவாரம் வீட்டுக்கு வந்துருவீங்களாக்கா?”

“விளையாடுறியா? நா கிளந்தான்ல இருக்கேன்டி!”

“உங்கம்மா பினாங்குன்னு தானே சொன்னாங்க?”

“யூனிவர்சிட்டி பினாங்கு லா. இந்தப் படிப்புக்கு மட்டும் கேம்பஸ் கிளந்தான், அந்தக் கோடி. பாலிங் தாண்டி, கிரிக் காட்டத் தாண்டி வரணும். பஸ்ல இடுப்பே போயிரும். ஒவ்வொருத்தருக்கா விளக்கி எங்கம்மாவுக்கு அலுத்துப்போச்சு. அதான் பினாங்குன்னே சொல்லிட்டு இருக்காங்க.”

வனேசா போனை வைத்தாள். சமையற்கட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். அம்மா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

“அப்ப மெழுகுவர்த்தி?” என்றாள்.

வனேசா போனை எடுத்து, விண்ணப்பத்தின் முதல் விருப்பமாகச் சிந்தோக்கில் கணக்கியலைப் போட்டாள். மனம் கசந்தது. மறுபடியும் உணவியலை மேலே ஏற்றினாள். ஷிப்ட் முடிந்து வரும் அம்மா, இருட்டு வீட்டில் தனியாக விளக்கைப் போடுவது கண்ணில் வந்தது. திரும்பவும் மாற்றினாள். அம்மா இனிப்பு நீர்க்காரி, சர்க்கரை வியாதி. ஒருநாள் தொழிற்சாலையிலேயே மயங்கி விழுந்தபோது, ஆஸ்பத்திரியில் உணவியல் படித்த ஒரு பெண் என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். அன்று பிடித்த ஆசை இது. அம்மாவுக்காகப் பிடித்த படிப்பு அம்மாவை விட்டுவிட்டு வா என்கிறதே, இதென்ன அநியாயம்!

“நீ சொல்லும்மா.”

“என்னைக் கேக்காத.”

“வேற யாரைக் கேக்குறது?”

“நா வாயத் தொறந்தா போகாதன்னு தான் வரும். அதான் சொல்றேன், கேக்காத.” அம்மாவின் குரல் உடைந்துவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வனேசா மேசையில் உட்கார்ந்து அழுதாள். கோபமா துக்கமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அம்மா தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். சீனி டப்பாவைத் திறந்தாள். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. கூச்சமே இல்லாமல் மூன்றாவது.

“மா! என்ன செய்யிற நீ?”

அம்மா நிதானமாகக் கலக்கினாள். “யாரு பேச்சையும் நா கேக்க மாட்டேன். நீ போய்ப் படிச்சிட்டு வந்து சொல்லு. அப்ப நிறுத்துறேன்.”

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வனேசா உணவியலை முதலில் போட்டு அனுப்பினாள். அம்மாவின் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துத் தானே குடித்தாள். தித்திப்பு தாங்கவில்லை. செய்தது சரியா தப்பா என்று அப்போதும் அவளுக்குத் தெரியவில்லை.